தடையற்ற வண்டியும் தடையுள்ள மனமும்

முன்னுரை

மனிதன் படைத்த ஊர்திகளுள் எளிமையும் சிக்கனமும் ஒருங்கே அமைந்தது மிதிவண்டி. எரிபொருள் வேண்டாது, புகை கக்காது, ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும் இவ்வண்டியைப் பற்றி ஒரு தமிழாசிரியன் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். அயல்நாட்டு நகரமொன்றின் தெருவில் இருபது முப்பது இளைஞர்கள், பிரேக் என்பதே இல்லாத மிதிவண்டிகளில், கூட்டமாகப் பேருந்துகளுக்கிடையே புகுந்து சென்றனர். "ஐயா, ஒலிம்பிக் போட்டியிலேயே பிரேக் இல்லாத வண்டியைத்தானே ஓட்டுகிறார்கள்? கூட்டத்தில் எல்லாருமே பிரேக் இல்லாமல் போனால் யாருக்கும் ஆபத்து இல்லை என்கிறார்களே, அது உண்மையா?" என்று வினவினார்.

தம் வண்டியின் பிரேக்கைக் கழற்றிவிடும் எண்ணத்தோடுதான் அவர் கேட்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "அதெல்லாம் கூடாது" என்று அதட்டி அனுப்புதல் எளிது. ஆயினும் அறிவை நாடி வந்த வினாவுக்கு அறிவினாலன்றோ விடை தரவேண்டும்? இயற்பியல் துறை நண்பரின் துணையோடு கணக்கிட்டும், இப்பொருள் பற்றிய செய்திகளைத் தேடிப் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன். பிரேக் என்பதற்குத் 'தடை' என்றும் 'நிறுத்தி' என்றும் தமிழாக்கம் செய்வாருண்டு. எனினும் மக்கள் வழக்கில் நிலைபெற்றுவிட்ட பிரேக் என்னும் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றேன்.

நிலைச்சக்கர வண்டியின் இயல்பு

நாம் ஓட்டும் மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தானே உருண்டு செல்லும். பின்சக்கரத்தில் பொருத்தப்பட்டுள்ள ஃப்ரீவீல் என்னும் அமைப்பே இதற்குக் காரணம். இறக்கத்தில் கால்களை அசைக்காமல் செல்லும்போது எழும் 'டிக் டிக்' ஒலி அதனுடையதே. இவ்வமைப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயிற்று. அதற்கு முன்னர்ச் சங்கிலி பூட்டிய மிதிவண்டிகள் பலவும் நிலைச்சக்கர வண்டிகளாகவே இருந்தன. அவற்றில் பின்பல்சக்கரம் பின்சக்கரத்தோடு அசையாது இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆதலின் சக்கரம் சுழலும் வரை மிதிகட்டைகளும் சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டுபவர் ஓய்வெடுக்க விரும்பினாலும் வண்டி அவர் கால்களுக்கு ஓய்வு தராது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, மிதிகட்டையின் மீது எதிர்விசை கொடுத்து வண்டியின் வேகத்தைக் கால்களாலேயே குறைக்கலாம். தேர்ச்சி பெற்றோர் உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, மிதிகட்டைகளை ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டு நிறுத்துவதும் உண்டு. இரண்டாவது, வேகம் மிக மிகக் கால்களும் அவ்வளவு விரைவாகச் சுழல வேண்டியதாகிறது. முன்பல்சக்கரத்தில் 49 பற்களும் பின்பல்சக்கரத்தில் 17 பற்களும் உள்ள வண்டி, மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 6 மீட்டர் செல்லும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கால்கள் நிமிடத்திற்கு 110 முறை சுழலும். இறக்கத்தில் 60 கி.மீ. வேகம் எய்தினால் 165 முறைக்கு மேல் சுழலவேண்டும். அந்நிலையில் எதிர்விசை கொடுப்பது எங்ஙனம்? மிதிகட்டையினின்று கால் நழுவினால் சுழலும் மிதிகட்டையே காலைத் தாக்கும். அதன்பின் வண்டியை நிறுத்த யாதொரு வழியும் இராது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கால்களால் நிறுத்தும் ஆற்றல் முழுவதும் சங்கிலி ஒன்றையே நம்பியுள்ளது. சங்கிலி அறுந்தாலோ பல்லினின்று நழுவினாலோ பின்சக்கரத்தின் பூட்டு வளையம் தளர்ந்தாலோ அவ்வாற்றல் அந்நொடியே அற்றுப்போகும்.

ஓட்ட அரங்கின் ஒழுங்கு

அவ்வாறாயின் போட்டி அரங்குகளில் பிரேக் இல்லாத வண்டியை அனுமதிப்பது ஏன்? அனுமதிப்பது மட்டுமன்று, உலக மிதிவண்டி ஒன்றியத்தின் விதிப்படி ஓட்ட அரங்கப் போட்டிகளில் பிரேக் பொருத்துவதே கூடாது. மாணவர் கேட்ட வினாவின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது.

வெலோட்ரோம் எனப்படும் ஓட்ட அரங்கத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். இக்காலப் பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய தடம் 250 மீட்டர் சுற்றளவுள்ளது. வளைவுகளில் அது ஏறத்தாழ 42 பாகை வரை சாய்ந்து, சுவர்போல் எழுந்து நிற்கும். அனைவரும் ஒரே திசையில் செல்வர். குறுக்கே செல்லும் வழி இல்லை. ஆடு மாடு இல்லை, சிறுவர் இல்லை, கதவு திறக்கும் மகிழுந்தும் இல்லை. வேகத்தைக் குறைக்க விரும்புபவர் சாய்தளத்தின் மேற்பகுதிக்கு ஏறுவார். ஏற்றமே அவர் வேகத்தைக் குறைத்துவிடும். நால்வர் கொண்ட குழுத் துரத்தல் போட்டியில் முன்செல்பவர் தம் முறை முடிந்ததும் மேலேறி, ஏனைய மூவரும் கடந்தபின் இறங்கிக் கடைசியில் சேர்ந்துகொள்வதைக் காணலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணியினர் 4 கி.மீ. தொலைவை 3 நிமிடம் 40 விநாடியளவில் கடந்தனர். மணிக்கு 65 கி.மீ. என்னும் சராசரி வேகத்தில், ஒருவர் சக்கரத்தை ஒருவர் தொட்டுவிடும் நெருக்கத்தில் அவர்கள் சென்றனர்.

இந்நெருக்கம் இயல்வதற்குக் காரணமே முன்செல்பவரிடம் பிரேக் இல்லை என்பதுதான். அவர் திடுமென நிற்க இயலாது என்று பின்வருபவர்க்குத் தெரியும். ஒருவர் மட்டும் பிரேக் வைத்திருந்து அதனைப் பிடித்துவிட்டால் பின்வரும் அனைவரும் ஒருவர்மேல் ஒருவராக வீழ்வர். ஆகவே 'எல்லாரும் பிரேக் இல்லாமல் போனால் ஆபத்து இல்லை' என்னும் கூற்று முழுப் பொய்யன்று. அரங்கத்தினுள் அது மெய்யே. ஆனால் அம்மெய் நான்கு தூண்களின்மேல் நிற்கின்றது: திசை ஒன்று, வண்டி ஒரு வகை, தடத்தில் இடையூறு இன்மை, ஓட்டுவோர் அனைவரும் பயின்றவராய் ஒரே விதிக்கு உடன்பட்டிருத்தல். இவற்றுள் ஒன்று சாய்ந்தாலும் மேலே கட்டியது நில்லாது.

அரங்கிலும் நேர்ந்த இடர்கள்

இது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டுவேன். கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைபெற்றபோது, குழுத் துரத்தல் போட்டியில் டென்மார்க்கும் பிரிட்டனும் மோதின. பிரிட்டன் வீரர் ஒருவர் தம் அணியினின்று பின்தங்கித் தனியே சென்றுகொண்டிருந்தார். டென்மார்க் அணியின் முன்னணி வீரரோ தலையைத் தாழ்த்தி முழு விசையோடு மிதித்து வந்தவர், எதிரே ஒருவர் இருப்பதைக் காணாமல் அவர்மீது பாய்ந்து மோத, இருவரும் வீழ்ந்தனர். உலகின் தலைசிறந்த வீரர்கள், குற்றமற்ற தடம். ஆயினும் இருவரின் வேகம் வேறுபட்டதும், ஒருவர் பார்வை தாழ்ந்ததும் போதியனவாயின.

மற்றொன்று நியூயார்க்கில் நிகழ்ந்தது. புரூக்ளின் பகுதியில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரெட் ஹூக் கிரிட்டீரியம் என்னும் போட்டி, பிரேக் இல்லாத நிலைச்சக்கர வண்டிகளுக்கென்றே அடைக்கப்பட்ட சாலைத் தடத்தில் நடத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டுப் போட்டியில், முன்செல்லும் மோட்டார் சைக்கிள் ஒன்று தடத்தில் இயங்காது நின்றுவிட்டது. முன்னே வந்தோருள் சிலர் விலகித் தப்பினர். அவர்தம் முதுகுகளுக்குப் பின்னால் வந்தோர்க்கு அவ்வண்டி கண்ணில் படும்போது காலம் கடந்துவிட்டது, மோதி வீழ்ந்தனர். கூட்டத்தில் செல்வோர் அனைவரும் ஒத்த நிலையினர்தாம். நின்றுபோன மோட்டார் சைக்கிள்தான் அவர்தம் உடன்பாட்டில் சேர்ந்திருக்கவில்லை. தெருவிலோ இவ்வாறு சேராத பொருள்களே எங்கும் நிறைந்துள்ளன.

தெருவின் கணக்கு

இனி, கால்களால் நிறுத்துவதற்கும் பிரேக்கால் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும் வண்டியை நிறுத்த முயலும்போது பாரம் முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் முன்சக்கரம் தரையை அழுந்தப் பற்றுகிறது. பின்சக்கரமோ பாரம் குறைந்து பிடிப்பை இழக்கிறது. முன்பிரேக்கைத் திறம்படப் பயன்படுத்தும் ஒருவர், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதியளவுக்கு வேகத்தைக் குறைக்க இயலும். பின்சக்கரத்தை மட்டும் நம்பியவர்க்குக் கிடைப்பது அதிற்பாதி, அதாவது கால் பங்கு மட்டுமே. நிலைச்சக்கர வண்டியில் கால்கள் நிறுத்துவது பின்சக்கரத்தை மட்டுமே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவர் நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேலாகச் செல்கிறார். இடரைக் கண்டு, உணர்ந்து, செயற்படுவதற்கு ஒரு நொடி ஆகுமெனக் கொண்டால் அதற்குள்ளேயே 8 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் முன்பிரேக் உள்ளவர் நிற்க 7 மீட்டர் வேண்டும். கால்களை மட்டும் நம்பியவர்க்கு 14 மீட்டர் வேண்டும். ஆக ஒருவர்க்கு 15 மீட்டர், மற்றவர்க்கு 22 மீட்டர். காய்ந்த சமதளச் சாலையில், பயின்ற ஓட்டுநர்க்கே இக்கணக்கு. மழை பெய்த சாலையில் இருவர்க்கும் தொலைவு கூடும். இவ்விடைவெளியாகிய 7 மீட்டர் என்பது ஒரு தெருவின் அகலம். சாலையைக் கடக்கும் முதியவர் ஒருவர் நிற்பதற்கு அவ்வளவு இடம் வேண்டியதில்லை.

சறுக்கி நிறுத்துவோர் மற்றொரு நுட்பத்தையும் அறிதல் நலம். முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ள வண்டியில், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்ற, சக்கரம் சரியாக மூன்று சுற்றுச் சுற்றும். எனவே ஒரே கால் நிலையில் சறுக்கும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடமே தரையில் உராய்ந்து விரைவில் தேய்ந்துவிடும். 49க்கு 17 என்னும் அமைப்பிலோ அத்தேய்மானம் 17 இடங்களுக்குப் பகிரப்படும். டயர் தேய்ந்து வெடிப்பது பெரும்பாலும் அதனைச் சறுக்கும் வேளையில்தான், அதாவது நிற்கவேண்டிய வேளையில்தான், நிகழக்கூடும்.

கூட்டமாகச் செல்லுங்கால்

தனியே செல்பவர் தம் முன்னேயுள்ள சாலையைக் காண்கிறார். கூட்டத்தில் செல்பவர் பெரும்பாலும் முன்னிருப்பவரின் முதுகையே காண்கிறார். பிரேக் உள்ளவரும் இல்லாதவரும் கலந்து செல்லும் கூட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன 30 கி.மீ. வேகத்தில், முன்செல்பவர் பிரேக் பிடித்து 7 மீட்டரில் நின்றுவிடுகிறார். அவர் பிரேக் பிடித்ததைக் கண்டு செயற்படும் பின்னவர்க்கு 22 மீட்டர் வேண்டும். ஆகவே இருவர்க்குமிடையே குறைந்தது 15 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். கூட்டமாகச் செல்வோர் விடும் இடைவெளியோ ஒரு மீட்டர் அல்லது இரண்டு மீட்டர்.

எல்லாரும் பிரேக் இல்லாதவராயின் என்ன? முன்னவர்க்கும் 14 மீட்டர், பின்னவர்க்கும் செயற்படும் நொடியோடு சேர்த்து 22 மீட்டர். அப்போதும் 8 மீட்டர் இடைவெளி தேவைப்படுகிறது. கூட்டத்திற்குள் இடர் குறைந்தது உண்மையே. ஆனால் கூட்டத்திற்கும் உலகத்திற்கும் இடையேயுள்ள இடர் சற்றும் குறையவில்லை, உண்மையில் பெருகிற்று. முன்செல்பவர் நிற்க முடியாமல் ஒருபுறம் விலகுவார். அவர் விலகியதும் பின்னவர்க்குத் திடுமென இடர் வெளிப்படும். அவர்க்கு விலகவும் இடமிராது, ஏனெனில் இருபுறமும் தோழர்கள். தனியொருவரைக் காத்த விலகல் என்னும் வழி, கூட்டத்தில் அடைபட்டுப் போகிறது.

வளைவில் திரும்பும்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ரீவீல் வண்டியை ஓட்டுபவர் உட்புற மிதிகட்டையை மேலே நிறுத்திக்கொண்டு சாய்ந்து திரும்புவார். நிலைச்சக்கர வண்டியில் மிதிகட்டை நில்லாது. மிகச் சாய்ந்தால் அது தரையில் இடித்து வண்டியைத் தூக்கியெறியும். ஆகவே ஒரே வளைவை இருவகை வண்டியினரும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சாய்வில் கடக்கின்றனர். இறக்கத்திலும் அவ்வாறே. அடுத்தவர் என்ன செய்வார் என்று அறிந்திருப்பதே கூட்டப் பயணத்தின் பாதுகாப்பு. அவ்வறிவு இங்கே குலைகிறது.

சட்டங்கள் கூறுவன

பல நாட்டார் இதனை உணர்ந்து சட்டம் வகுத்துள்ளனர். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, மிதிவண்டிக்குத் திறமான பிரேக் ஒன்று வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, சாலையில் செல்லும் வண்டிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு நிறுத்தும் அமைப்புகளை வேண்டுகிறது. நிலைச்சக்கரத்தை அவற்றுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டு, முன்சக்கரத்திற்குப் பிரேக் கட்டாயம் என்று விதிக்கிறது. ஜெர்மனியும் இரு பிரேக்குகளை வேண்டுவதால், 2009இல் பெர்லின் காவல்துறையினர் பிரேக் இல்லா வண்டிகளைப் பறிமுதல் செய்தனர்.

இவ்வகையில் ஜப்பான் நமக்கு நல்லதொரு பாடம். 1948இல் கொகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் என்னும் மிதிவண்டிப் போட்டி அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று; 2000ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றுள்ளது. அதில் ஓடுபவை பிரேக் இல்லாத வண்டிகளே. எனினும் அதே நாட்டின் சாலை விதி, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் மிதிவண்டி பிரேக் பிடித்த இடத்திலிருந்து 3 மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்று அளந்து கூறுகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால், பிரேக் இல்லா வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரமும் காவலர்க்குக் கிட்டியது. பிரேக் இல்லா ஓட்டத்தைக் கலையாகப் போற்றும் நாடே அதனை அரங்கத்தோடு நிறுத்திவிட்டது நினைக்கத்தக்கது.

இலண்டன் வழக்கு

2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் நகரின் ஓல்டு ஸ்ட்ரீட் பகுதியில் பெண்மணி ஒருவர் சாலையைக் கடக்கையில், நிலைச்சக்கரப் பந்தய வண்டியில் வந்த 18 வயது இளைஞர் அவர்மீது மோதினார். வண்டியில் முன்பிரேக் இல்லை. தலையில் அடிபட்ட அப்பெண்மணி ஒரு வாரத்தில் உயிர்நீத்தார். அவர் இரு குழந்தைகளின் தாய். இளைஞர் மோதுமுன் இருமுறை கூவி எச்சரித்திருந்தார். முன்பிரேக் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தி மோதலைத் தவிர்த்திருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். முன்பிரேக் கட்டாயம் என்னும் சட்டத்தைத் தாம் அறியவில்லை என்றார் இளைஞர். 2017இல் தீர்ப்பு வந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தினின்று அவரை விடுவித்த நீதிமன்றம், குதிரை வண்டிக் காலத்தில் 1861இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்கீழ் 18 மாதக் காவல் தண்டனை விதித்தது.

இவ்வழக்கில் என் நெஞ்சைத் தைத்தது தண்டனையின் அளவன்று. அரங்கத்தில் பிரேக் இல்லாமல் ஓடுவோர் அனைவரும் அதற்கு உடன்பட்டவர்கள். தெருவில் நடந்து சென்ற அத்தாயிடம் உடன்பாட்டை யார் கேட்டார்? தன் உயிரைப் பணயம் வைப்பதைத் துணிவு எனலாம். பிறர் உயிரைக் கேளாமல் பணயம் வைப்பதற்குத் துணிவு என்று பெயரிட என் தமிழில் இடமில்லை. கூவுதலும் பிரேக் ஆகாது.

செய்யத்தக்கன

நிலைச்சக்கர வண்டியே தீது என்று யான் கூறவில்லை. அதன் எளிமையும், காலுக்கும் சக்கரத்திற்கும் உள்ள நேரடித் தொடர்பும் பலரைக் கவர்வது இயல்பே. அதனை ஓட்ட விழைவோர் முன்பிரேக்கைப் பொருத்திக்கொள்ளட்டும். அதனால் வண்டியின் இயல்பு ஒன்றும் குன்றாது. சங்கிலியின் இறுக்கத்தையும் பூட்டு வளையத்தையும் புறப்படுமுன் சரிபார்க்கட்டும். கால் நழுவாதிருக்கக் கால்வார் அணியட்டும். கூட்டமாகச் செல்லும்போது அனைவரும் பிரேக் உள்ளவராயிருத்தல், முன்னவரின் பின்சக்கரத்தோடு தம் முன்சக்கரம் பக்கவாட்டில் இணையாதிருத்தல், முன்செல்பவர் கைச்செய்கையாலும் குரலாலும் இடரை அறிவித்தல், இறக்கத்திலும் நாற்சந்தியிலும் இடைவெளியைப் பெருக்கிக்கொள்ளல் ஆகியவற்றை முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும். பிரேக் இல்லாமல்தான் ஓட்டுவேன் என்பார்க்கு உரிய இடம் ஓட்ட அரங்கமே.

மற்றொன்றை நம் மாணவர்க்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அயல்நாட்டுக் காட்சியைக் கண்டு நம்மிடமுள்ள ஃப்ரீவீல் வண்டியின் பிரேக்கைக் கழற்றுவது இன்னும் பெருங்கேடு. நிலைச்சக்கர வண்டியில் கால்களாவது ஓரளவு நிறுத்தும். ஃப்ரீவீல் வண்டியில் பின்னோக்கி மிதித்தால் மிதிகட்டை வெறுமனே சுழலும்; வண்டி தன் வழியே ஓடும். செருப்புக்காலைத் தரையில் தேய்ப்பதன்றி வேறு வழியிராது.

முடிவுரை

இக்கணக்குகளையெல்லாம் அம்மாணவரோடு அமர்ந்து தாளில் எழுதிப் பார்த்தேன். 22 மீட்டர் என்பதை அவர் நம்பவில்லை. கல்லூரி மைதானத்தில் அடி வைத்து அளந்து காட்டியபின் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவ்வளவு தூரமா ஐயா?" என்றார்.

அன்று மாலை இருவரும் மிதிவண்டி நிறுத்துமிடத்திற்குச் சென்று, அங்கிருந்த வண்டிகளின் பிரேக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். கம்பி அறுந்தவை சில. கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தவை சில. யாரும் கழற்றாமலே பிரேக் இல்லாதுபோன வண்டிகள் அவை. அவற்றுள் ஒன்று என்னுடையது. பழுதுபார்க்கும் கடையில் புதிய பிரேக் கட்டைகளுக்கு ஆன செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவே. இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களும் பெற்றோரும் பெரியோரும் இன்று வீடு திரும்புமுன் தத்தம் வண்டியின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயன் எய்தியவனாவேன்.